ஐஸ் வைங்க மேடம்

மூக்கின் இடது ஓரத்தில் எட்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு தழும்பு. அதை ஒட்டி நாசி விளிம்பு சற்று உள்வாங்கியிருக்கும். வழக்கில் சேதம் என்று காட்ட இருந்தது அவ்வளவுதான். உயிர் போகவில்லை, பார்வை போகவில்லை. மருத்துவக் கவனக்குறைவு என்று என் அலுவலகத்துக்கு வருகிற கட்டுகளில் இதைவிடப் பல மடங்கு பெரிய இழப்புகள் உண்டு. ஆனாலும் ஜூனியர்கள் யாராவது மருத்துவ வழக்கில் முறையீடு எழுதக் கற்றுக்கொள்ள வந்தால் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இந்தக் கட்டைத்தான்.

முறையீட்டாளர் சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவு மேற்பார்வையாளர். நாற்பதை நெருங்கும் வயது. நாள் முழுக்க வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே நின்று பேசுகிற வேலை. 2021 கடைசியில், அக்காள் மகள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மூக்கின் ஓரத்திலிருந்து வாய் ஓரம் வரை இறங்கும் கோட்டை நிரப்பிக்கொள்ள ஓர் அழகியல் கிளினிக்குக்குப் போனார். ஒரு மில்லி ஃபில்லர் 22,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,960 ரூபாய், ஆக 25,960 ரூபாய். வைத்தியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அழகுச் சிகிச்சைக்கு உண்டு. அந்த வரிக்காகப் பில் போட்டுக் கொடுத்ததால் எங்களுக்கு முதல் ஆவணம் சிரமமில்லாமல் கிடைத்தது.

ஊசியில் போனது ஹயலூரோனிக் அமிலம். நம் தோலிலும் மூட்டுகளிலும் கண்ணுக்குள்ளும் இயல்பாகவே இருப்பது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் உள்ளது. 1934-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து இதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். ஃபில்லருக்கு இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள். இருக்கிறபடியே தோலுக்கடியில் செலுத்தினால் உடல் சில நாளில் கரைத்துவிடும் என்பதால், அதன் இழைகளை வேதிப்பொருளால் ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியான ஜெல்லாக்குகிறார்கள். அப்புறம் ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்த வகை ஃபில்லருக்கு முதல் அனுமதி தந்தது 2003 டிசம்பரில். நம் நாட்டில் இது மருத்துவச் சாதன விதிகள், 2017-ன் கீழ் வருகிற சரக்கு.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், பிறகு அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன். அவர் தாளில் முகத்தை வரைந்து காட்டினார். தாடையின் விளிம்பைத் தாண்டி மேலேறும் முகத் தமனி, உதட்டோரம் வளைந்து, அந்தக் கோட்டை ஒட்டியே மூக்கின் பக்கம் போகிறது. அங்கிருந்து மேலே கண்ணுக்குப் போகும் தமனியோடும் அதற்கு இணைப்பு உண்டு. ஊசி நுனி தவறிக் குழாய்க்குள் இருக்கும்போது ஜெல்லை அழுத்தினால் அது உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். மடையில் அடைப்பு விழுந்தால் கடைமடை காய்கிற மாதிரி, அந்தக் குழாயை நம்பியிருக்கும் தோல் ரத்தமில்லாமல் சாகத் தொடங்கும். ஜெல் பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கண்ணின் தமனிக்குள் போய்விட்டால் பார்வையே போகலாம். விழித்திரை ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. இப்படி ரத்தக் குழாய்க்குள் போய்விடும் ஆபத்தைப் பற்றி எஃப்.டி.ஏ. 2015 மே மாதத்திலேயே தனி எச்சரிக்கை விடுத்தது.

"இவ்வளவு ஆபத்தானதை ஏன் சார் போடுறாங்க?" என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் வழக்கையே தீர்மானித்தது. "வக்கீல் சார், அபூர்வமா நடக்கிறது. ஆனா எந்தக் கையிலயும் நடக்கலாம், என் கையிலயும். ஹயலூரோனிக் ஃபில்லரோட பெரிய வசதியே அதுக்கு முறிவு மருந்து இருக்கிறதுதான். ஹயலூரோனிடேஸ் போட்டா கரைஞ்சிடும். அடைச்சிட்டுதுன்னு கண்டுபிடிச்சு அன்னிக்கே போட்டிருந்தா இந்தம்மா என்கிட்ட வந்திருக்கவே மாட்டாங்க."

என் கட்சிக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "தப்பா குத்திட்டாங்க சார், அதை எழுதுங்க" என்பதே அவருடைய நிலை. நியாயமான கோபம்தான். ஆனால் 'தப்பாகக் குத்தினார்' என்று எழுதினால், தப்பில்லாமல் குத்தினாலும் இது நடக்கும் என்று எதிர்தரப்பு நாலு புத்தகத்தைக் கொண்டுவந்து போடும். ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது: சிகிச்சை கெட்டுப்போனது என்பதாலேயே மருத்துவர் கவனக்குறைவாக இருந்தார் என்றாகாது, சராசரித் திறமையுள்ள மருத்துவர் அந்த இடத்தில் செய்திருக்கக்கூடியதைச் செய்தாரா என்பதே கேள்வி. ஆகவே, "அம்மா, ஊசி போட்ட நிமிஷத்தை விட்டுடுவோம். அதுக்கப்புறம் போன மூணு நாளைப் பிடிச்சுக்குவோம்" என்றேன். அரை மனதோடு சம்மதித்தார்.

மூன்று நாளும் அவருடைய கைபேசியில் அப்படியே இருந்தது. மாலை நாலரைக்கு ஊசி. போடும்போதே மூக்கோரம் சுரீர் என்று வலி, தோல் வெளுத்தது. "கொஞ்ச நேரத்தில் சரியாகும்" என்று அனுப்பிவிட்டார்கள். இரவு எட்டு மணிக்குக் கிளினிக்கின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு படம்: மூக்கோரமும் மேலுதட்டின் பாதியும் சுண்ணாம்பாய் வெளுத்து. எட்டு நாற்பதுக்குப் பதில்: "நார்மல்தான் மேடம். ஐஸ் வைங்க மேடம், நாளைக்கு சரியாயிடும்." பதினொரு மணிக்கு இன்னொரு படம், இப்போது வெளுத்த இடத்தைச் சுற்றி வலைபின்னிய மாதிரி ஊதா நிறம். "வலி தாங்கலை, டாக்டர்கிட்ட பேசணும்" என்று கூடவே எழுதியிருந்தார். இரண்டு நீல டிக். பதில், ஒரு கும்பிடு பொம்மையும் "டாக்டர் நாளைக்கு வருவாங்க மேடம்" என்பதும்.

மறுநாள் போனார். மருத்துவர் பார்த்தார், ரத்தக்கட்டு என்றார். அதற்கடுத்த நாள் சிறு சிறு கொப்புளங்கள் வந்தன. அக்கி என்று சொல்லி வைரஸுக்கான களிம்பை எழுதிக்கொடுத்தார். மூன்றாம் நாள் இரவு தங்கை பிடிவாதமாக வேறு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். அங்கே பார்த்தவுடனே ஹயலூரோனிடேஸ் போட்டார்கள். ஓரளவு காப்பாற்றினார்கள். ஆனால் மூக்கோரம் கறுத்துவிட்டிருந்தது.

ரத்தக்கட்டுக்கும் அடைப்புக்கும் வித்தியாசம் பார்ப்பது பெரிய வித்தையல்ல. அந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால், ஆரோக்கியமான தோலில் இரண்டு மூன்று நொடியில் நிறம் திரும்பிவிடும். அடைப்பு இருந்தால் திரும்ப நேரமாகும், அல்லது திரும்பவே திரும்பாது. இதைச் செய்ய ஸ்கேன் வேண்டாம், விரல் போதும். ஐஸ் இன்னொரு கொடுமை. குளிர்ச்சி குழாய்களைச் சுருக்கும். இங்கே வைக்க வேண்டியது வெதுவெதுப்பான ஒத்தடம்.

நோட்டீஸுக்கு முன் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டு எழுதினோம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறி விதிமுறைகளில் உள்ளது. பதில் வந்தது நோட்டீஸ் போன பிறகுதான். வந்தது ஒரே ஒரு தாள். அதில் 'ஃபில்லர் 1 மி.லி., நோயாளி நலமாகச் சென்றார்' என்று ஒரு வரி. ஃபில்லர் பெட்டிக்குள் தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றை நோயாளியின் பதிவேட்டில் ஒட்ட வேண்டும் என்பதற்காகவே உரித்தெடுக்கும்படி வைத்திருப்பார்கள். அந்தத் தாளில் ஸ்டிக்கர் இல்லை. எந்தச் சரக்கு, எந்தத் தொகுதி, யார் இறக்குமதி செய்தது, ஒன்றும் தெரியாது. சரக்குப் போலி என்று நாங்கள் வாதிடவில்லை. அதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. பதிவில்லை என்பதை மட்டும் எழுதினோம்.

2022-ல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையீடு. கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்பதால் தாக்கல் கட்டணம் இல்லை. 2019-ன் புதிய நுகர்வோர் சட்டத்தில் எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது கேட்கிற இழப்பீடல்ல, கொடுத்த பணம். இது பலருக்கு இன்னும் தெரிவதில்லை. வாட்ஸ்அப் படங்களை அச்செடுத்து, கைபேசியின் உரிமையாளர் என்ற முறையில் அவரே கையெழுத்திட்டு, அப்போது நடப்பில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 65-பி சான்றிதழையும் சேர்த்தோம். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பிடித்துத் தொங்குவதில்லை என்றாலும், மேல்முறையீட்டில் யாராவது அதைப் பிடித்து இழுப்பார்கள் என்று தெரிந்தே செய்தது.

எதிர்தரப்பு பதிலுரை 45 நாளுக்குள் வந்தது. படிக்கச் சுவையான ஆவணம். முதல் எதிர்வாதம், முகக்கவசம். கொரோனா காலம், ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் முகக்கவசம் அணிந்திருந்தார், உரசிப் புண்ணாகியிருக்கும் என்று. இரண்டாவது, சம்மதப் படிவம். நாலு பக்கம், ஆங்கிலம், பொடி எழுத்து. அதில் வீக்கம், ரத்தக்கட்டு, கட்டி என்ற வரிசையின் கடைசியில் 'ரத்தக் குழாய்ச் சிக்கல்' என்று இருந்தது. இன்னும் கீழே, எது நடந்தாலும் கிளினிக் பொறுப்பல்ல என்ற வாசகம். மூன்றாவது, தமிழ்வழியில் படித்தவர் என்பதால் படிவம் விளங்கவில்லை என்று நாங்கள் சொல்வது பின்யோசனை என்பது.

நாலாவது பத்தியைப் படித்ததும் என் குமாஸ்தாவைக் கூப்பிட்டு அதை மட்டும் தனியே ஒரு நகல் எடுக்கச் சொன்னேன். 'மேற்படி வாட்ஸ்அப் எண் எதிர்தரப்பினரின் விளம்பரப் பணிகளைக் கவனிக்கும் வெளி நிறுவனத்தால் இயக்கப்படுவது. அதில் வந்த செய்திகள் மருத்துவரின் கவனத்துக்கு வரவில்லை. ஆகவே அவற்றுக்கு எதிர்தரப்பினர் பொறுப்பல்ல.'

பொறுப்பைத் தட்டிக்கழிக்க எழுதியது. ஆனால் அதன் பொருள் என்ன? சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பிய அட்டையில் 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள' என்று அச்சடித்திருந்தது அந்த ஒரே எண்தான். அட்டை எங்கள் ஆவணங்களில் ஏற்கெனவே இருந்தது. அவசரம் என்று அழைத்தால் எடுப்பது ஒரு விளம்பரக் கம்பெனியின் பையன். வைத்திய ஆலோசனையும் அவனே சொல்கிறான். இதை நாங்கள் நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லாமல் அவர்களே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

ஜூனியர் ஒருவர் மருத்துவரின் படிப்பைத் தாக்கலாம் என்றார். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு ஒரு குறுகிய காலப் பயிற்சி எடுத்தவர். நான் தொடவில்லை. பதிவு பெற்ற மருத்துவர். அந்த வாதத்தில் இறங்கினால் யார் ஃபில்லர் போடலாம் என்று சங்கங்களுக்குள் நடக்கும் சண்டை எங்கள் வழக்குக்குள் வந்து குந்திக்கொள்ளும்.

நிபுணர் கருத்து இல்லாமல் மருத்துவ வழக்கு நிற்காது என்றார்கள். எல்லா வழக்கிலும் அது கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தும் நாங்களே மனுப் போட்டு, ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் தோல்நோய்த் துறைக்கு ஆவணங்களை அனுப்பவைத்தோம். கேட்ட கேள்விகள் இரண்டு: இது ஏற்படக்கூடிய சிக்கலா? ஏற்பட்டால் என்ன செய்ய வேண்டும்? முதல் கேள்விக்கு 'ஆம், அறியப்பட்ட சிக்கல்' என்று பதில் வந்ததும் எதிர்தரப்பு வழக்கறிஞர் அந்த வாய்தாவில் எழுந்து வழக்கைத் தள்ளுபடி செய்யலாம் என்றே சொல்லிவிட்டார். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்க வேண்டும். எட்டு மணிப் படத்தில் காண்பது அடைப்பின் அடையாளம், உடனே நேரில் பார்த்து, வெதுவெதுப்பான ஒத்தடமும் அதிக அளவில் திரும்பத் திரும்ப ஹயலூரோனிடேஸும் கொடுத்திருக்க வேண்டும், நேரம் கடக்கக் கடக்கப் பலன் குறையும் என்று அதில் இருந்தது.

நுகர்வோர் ஆணையத்தில் குறுக்கு விசாரணை பெரும்பாலும் எழுத்தில்தான். கேள்விப் பட்டியல் கொடுப்போம், உறுதிமொழியோடு பதில் வரும். கூண்டில் நிறுத்திக் கேட்கிற சுகம் இதில் இல்லை. ஆனால் மழுப்பல் தாளில் நிரந்தரமாகப் பதிந்துவிடும் என்ற லாபம் உண்டு. அன்று கிளினிக்கில் ஹயலூரோனிடேஸ் இருந்ததா என்று கேட்டோம். 'தேவைப்பட்டால் பெறுவதற்கு ஏற்பாடு இருந்தது' என்று பதில். அந்த ஆண்டு ஒரு குப்பியாவது வாங்கியதற்கு ரசீது உண்டா? 'பதிவுகள் உடனடியாகக் கிடைக்கவில்லை.' மறுநாள் நேரில் பார்த்தபோது விரலால் அழுத்தி நிறம் திரும்புவதைப் பார்த்தீர்களா? 'மருத்துவரீதியாகப் பரிசோதிக்கப்பட்டது.' எங்கே எழுதியிருக்கிறது? பதில் இல்லை. கடைசியில் ஒரு விளக்கம் சேர்த்திருந்தார்கள்: ஹயலூரோனிடேஸ் ஒவ்வாமை உண்டாக்கலாம், சோதனை ஊசி போடாமல் கொடுக்க முடியாது. ஒவ்வாமை உண்மை. ஆனால் தோல் செத்துக்கொண்டிருக்கும்போது சோதனை ஊசிக்குக் காத்திருப்பதில்லை என்று துறைத்தலைவரின் கருத்திலேயே இருந்தது. தவிர, சோதனை ஊசியாவது போட்டார்களா?

இந்த மருந்து எங்கோ வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற அபூர்வ வஸ்துவும் அல்ல. கண்புரை அறுவைக்கு முன் கண்ணைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசியில் கலக்கிறார்கள். கண் மருத்துவமனைகளில் சாதாரணமாகப் புழங்குவது. அந்தக் கிளினிக்கிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு கண் மருத்துவமனை இருந்தது. பிளாஸ்டிக் சர்ஜனின் மருத்துவமனை பில்லில் ஹயலூரோனிடேஸ் குப்பிகளுக்கு ஒரு வரி உண்டு. அந்தத் தொகை, ஃபில்லருக்கு அவர் கட்டிய ஜி.எஸ்.டி. அளவுகூட வரவில்லை. இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆணையத் தலைவரிடம் நீட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, உறுப்பினரிடம் காட்டினார்.

இறுதி வாதத்தில் எதிர்தரப்பு வழக்கறிஞர், நோயே இல்லாமல் அழகுக்காக ஊசி போட்டுக்கொள்ள வந்தவர் விளைவையும் ஏற்க வேண்டும் என்றார். "நாற்பது வயசுல இதெல்லாம் எதுக்கு" என்ற தொனி. என் கட்சிக்காரர் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இந்த வாதம் எனக்குப் பழகியது, இன்றும் எரிச்சல் மூட்டுவது. காசு வாங்கும்போது 'உங்களுக்கு இது அவசியம் மேடம்' என்பவர்கள், வழக்கு வந்ததும் 'உனக்கு இது எதற்கு' என்கிறார்கள். வி.பி. சாந்தா வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் மருத்துவரின் கட்டணச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. வாங்கிய சேவை வாங்குகிறவருக்கு உண்மையிலேயே தேவையா என்று அந்தச் சட்டம் எங்கும் கேட்பதில்லை. அவசரமில்லாத சிகிச்சை என்பதால் ஆபத்தை நிதானமாக விளக்கிச் சொல்வதற்கு அவகாசமும் அதிகம், கடமையும் அதிகம் என்பது என் பதில். சமீரா கோலி வழக்கில் 2008-ல் சொன்னபடி, சம்மதம் என்றால் போதிய விவரம் தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும். படிவத்தைப் பற்றி அதற்கு மேல் நான் மல்லுக்கட்டவில்லை. ரத்தக் குழாய் அடைபடலாம் என்பதற்கு அவர் கையெழுத்திட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அடைபட்டால் விளம்பரக் கம்பெனி வைத்தியம் பார்க்கும் என்பதற்கு எந்தப் பக்கத்தில் கையெழுத்து இருக்கிறது என்று கேட்டு உட்கார்ந்தேன்.

உத்தரவு 2024-ல் வந்தது. ஊசி போட்ட விதத்தில் கவனக்குறைவு நிரூபிக்கப்படவில்லை என்று ஆணையம் முதலில் சொன்னது. நாங்கள் அதைக் கேட்கவும் இல்லை. சிகிச்சைக்குப் பின்னான கண்காணிப்பில் சேவைக் குறைபாடு; அவசர எண்ணைத் தகுதியற்றவர் கையில் விட்டது கிளினிக்கின் சொந்தப் பொறுப்பு; முறிவு மருந்து இல்லாமல் ஃபில்லர் போடுவது பொறுப்பான மருத்துவர் செய்கிற காரியமல்ல; பொறுப்புத் துறப்பு வாசகம் கவனக்குறைவுக்குக் கேடயமாகாது. நாங்கள் கேட்டது பன்னிரண்டு லட்சம். கட்டணம் 25,960 ரூபாயும், மறுசிகிச்சைச் செலவு 84,000 ரூபாயும், மன உளைச்சலுக்கும் தழும்புக்கும் சேர்த்து மூன்று லட்சமும், வழக்குச் செலவு 10,000 ரூபாயும், 9 சதவீத வட்டியோடு தரச் சொன்னார்கள். முகக்கவச வாதத்தை ஆணையம் ஒரே வரியில் தள்ளியது: மூக்கின் ஒரு பக்கம் மட்டும் உரசும் முகக்கவசம் இருப்பதாக எதிர்தரப்பினர் நிரூபிக்கவில்லை.

கிளினிக் மேல்முறையீட்டுக்குப் போனது. போவதற்கு உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும் என்பது 2019 சட்டத்தின் 41-ம் பிரிவு, கட்டினார்கள். மாநில ஆணையம் வட்டியை 6 சதவீதமாகக் குறைத்தது, மற்ற எல்லாவற்றையும் உறுதி செய்தது. கட்டியிருந்த பாதித் தொகையை மனுப் போட்டு எடுத்தோம். மீதியை ஆறு வாரத்துக்குள் கட்டிவிட்டார்கள்.